படிக்காத மெயில்: பூஜ்ஜியம்

"வாய்ல என்னடி, தண்ணியா வச்சிருக்க?"

ஒன்பதாம் வகுப்பில் என் தோழி ரேடியோ என்னைக் கேட்டது இது. என் ஜியோமெட்ரி பெட்டியை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். டீச்சர் மூன்று முறை கேட்டும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ரேடியோதான் எழுந்து ஆளைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி இந்தக் கேள்வியைக் கேட்டாள். மொத்த வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன், வாயைத் திறக்காமல்.

அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலை மணி அடித்ததில் இருந்து மாலை மணி வரை ஓடிக்கொண்டே இருப்பாள்; நிறுத்தப் பொத்தான் கிடையாது. என்னைக் கோட்டான் என்பார்கள். ஊமைக் கோட்டான் என்பதன் சுருக்கம். அந்தப் பெயரை வைத்ததும் ரேடியோதான். ஆனால் வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்குப் போவாள்.

பத்தாம் வகுப்பின் பாதியில் அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் நடந்தது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். திரும்பிப் போனால் ஏன் வரவில்லை என்று வகுப்பு முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒருநாள் தள்ளினேன். மறுநாளும் தள்ளினேன். அப்படியே என் படிப்பு நின்றுபோனது. அப்பாவின் கண்ணால்தான் நின்றேன் என்று வீட்டில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையை இந்த நோட்டில்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

இப்போது பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை. பிரிண்ட், லேமினேஷன், இரண்டு கம்ப்யூட்டர். மெஷின் போடும் சத்தத்தில் நான் பேசாதது யாருக்கும் தெரிவதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் சார் கடைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. கையில் ஒரு படிவம். அடுத்த புதன்கிழமை மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறாராம். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலைக் கையாளத் தெரிகிறதா என்று பார்ப்பாராம்.

"ஏம்மா, நீ நம்ம ஸ்கூல் பொண்ணுதானே? கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரின்னு சொன்னாங்க. ரெண்டு நாள் வந்து பசங்களுக்குச் சொல்லிக்குடு."

கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டார். "இவளா? சார், இவ லீவு கேக்கவே சீட்டு எழுதி என் டேபிள்ல வச்சிட்டுப் போற ஆளு."

"பேச வேணாம். செஞ்சு காட்டினாப் போதும்."

அந்த வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் என்னோடு படித்தவர்கள். வர முடியாது என்று சொல்வதற்கும் பேச வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன்.

சார் மெயில் சொல்லிக்கொடுக்கும் விதம் எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் ஒரே மத்தியானத்தில் முப்பத்து நான்கு பேருக்கும் அவரே கணக்குத் திறந்தார். முப்பத்து நான்குக்கும் ஒரே பாஸ்வேர்ட். முப்பத்து நான்குக்கும் அவருடைய ஃபோன் நம்பர். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்கு மெயில் பீரியட் என்று பெயர். அதில் பிள்ளைகள் மெயிலை நோட்டில் எழுதுவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. பென்சிலால் ஓரக்கோடு போட்டிருந்தால் ஒரு மதிப்பெண் கூடுதல். "தங்கள் உண்மையுள்ள" என்று முடிக்காவிட்டால் இரண்டு குறைவு. எழுதியதை எந்தப் பெட்டிக்கும் அனுப்பியதில்லை. தங்களுக்கு வந்ததையும் யாரும் திறந்ததில்லை.

வியாழன் சாயங்காலம் ஒரு பெரிய தாளில் மூன்று கேள்விகளை எழுதினேன். யார் அனுப்பியது? என்னிடம் என்ன கேட்கிறார்கள்? எந்தத் தேதிக்குள்? இந்த மூன்றும் தெரிந்தால் போதும், மெயிலைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. கடை மூடும் நேரத்தில் லேமினேஷன் மெஷின் முன்னால் நின்று அதையே நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். மெஷின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பு அப்படி இல்லை. பதினொரு கம்ப்யூட்டரில் எட்டுதான் ஓடின. ஒன்றுக்கு நான்கு பேர் முண்டியடித்தார்கள். ஒருவனுக்குப் படிக்காத மெயில் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு. இன்னொருத்திக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. எல்லாம் விளையாட்டுக்கும் பாட்டுக்கும் ஊர்ப்பட்ட கடைகளுக்கும் முகவரியைக் கொடுத்ததன் பலன். ஒருத்தி முழுக் கடிதத்தையும் சப்ஜெக்ட் கட்டத்துக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் பக்கத்து பெஞ்சுக்கு மெயில் அனுப்பிவிட்டு எழுந்து நின்று "டேய், வந்துச்சாடா?" என்று கத்தினான்.

நான் பேச ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே எட்டவில்லை.

"வால்யூம்! வால்யூம்!" என்றது கடைசி வரிசை.

"மேடம், மைக் ஆஃப்ல இருக்கு!"

மேடம் என்ற சொல்லுக்குப் பெரிய சிரிப்பு எழுந்தது. காது சுட்டது. தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தேன். அப்போது ரேடியோ பெஞ்ச் மேல் ஏறி நின்றாள்.

"நேயர்களே, அமைதி! கோட்டான் ஒரு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பேசும். அதைக் கேக்க விடுங்கடா. நீ சொல்லுடி, நான் ஒலிபரப்பறேன்."

நான் ஒரு வரி சொன்னேன். அவள் அதை மூன்று மடங்கு சத்தமாகச் சொன்னாள். அப்படியே வகுப்பு ஓடியது. யார் அனுப்பியதுன்னு பாருங்க. பாருங்கடா! தெரியாத ஆளா இருந்தா திறக்காதீங்க. திறக்காதேன்னு சொல்றேன்ல, எருமை!

"எனக்கு யாரோ ஒரு பெரியவர் சொத்து எழுதி வச்சிட்டுச் செத்துட்டாராம்," என்றான் ஒருவன். "படிச்சிட்டு அழுதுக்கட்டுமா?"

"உனக்குச் சொத்து எழுதற அளவுக்கு ஒருத்தர் மூளை கலங்கிப்போயிருந்தா, அவர் மெயில் அனுப்பியிருக்க மாட்டார்டா. டெலிட் பண்ணு," என்றாள் ரேடியோ.

மணி அடிப்பதற்குள் எட்டே பேர், ஆளுக்கு நாற்பது மெயில், ஒழுங்காகப் பார்த்து முடித்தார்கள். ஒரு பையனுக்கு அதில் நூலகத்தில் இருந்து வந்த பழைய எச்சரிக்கை கிடைத்தது. ஒரு பெண்ணுக்கு வெளியூரில் இருக்கும் அவள் சித்தி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, ஏழு மாதம் கழித்து. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. சார் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வரும்போது ரேடியோ என் தோளில் கை போட்டாள். "எனக்கு இன்னும் வரலடி. லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போட்டேன்ல, சீட் குடுத்தா மெயில்லதான் வருமாம். ஹாஸ்டலும் சேர்த்து. இந்த ஒரு இடத்துக்குத்தான் அப்பா சரின்னு சொல்லியிருக்காரு. வரலன்னா அம்மாவோட தையல் கம்பெனிதான்." கொஞ்ச தூரம் நடந்து மறுபடி சொன்னாள். "அங்க நூத்தம்பது மெஷின் ஓடும். நான் பேசறது ஒருத்தருக்கும் கேக்காதுடி. செத்தே போயிடுவேன்."

திங்கட்கிழமை நான் அதே தாளை எடுத்துக்கொண்டு போனேன். சார் வாசலிலேயே படிவத்தோடு நின்றார்.

"இங்க பாரும்மா, இந்தக் கட்டம். படிக்காத மெயில்களின் எண்ணிக்கை. ஆபீசர் இதைத்தான் பார்ப்பார். முப்பத்து நாலு பேருக்கும் பூஜ்ஜியம் வரணும்."

"சார், படிக்காம…"

"என்ன?"

"ஒவ்வொண்ணா பாத்து…"

"ஒவ்வொண்ணா பாத்தா அடுத்த ஆபீசர் வந்துடுவார். ஒரேயடியா அழிக்க வழி இருக்குல்ல? எனக்குத் தெரியும், இருக்கு. எப்படின்னுதான் தெரியல. அதைச் சொல்லிக்குடு, போதும்."

இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கக் குரல்கூடத் தேவையில்லை. கரும்பலகையில் மூன்று வரி எழுதினேன். மேலே உள்ள சின்னக் கட்டத்தில் டிக். அனைத்தையும் தேர்ந்தெடு. டெலிட்.

முதல் கம்ப்யூட்டரில் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு பூஜ்ஜியமானபோது ஒரு கூச்சல் எழுந்தது. அடுத்தது இரண்டாயிரத்துச் சொச்சம். கைதட்டினார்கள். "கோட்டான்! கோட்டான்!" என்று மேஜையைத் தட்டினார்கள். யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கைதட்டியதில்லை. பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது. மூன்று கேள்விகள் எழுதிய தாள் என் அக்குளில் சுருண்டு கிடந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு வரிசை வரிசையாக நடந்தேன். மூன்றாவது வரிசையில் ரேடியோ. எல்லா மெயிலுக்கும் டிக் விழுந்து திரை முழுவதும் நீலமாகியிருந்தது. மேலிருந்து நான்காவது வரியில் அந்தக் கல்லூரியின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. சனிக்கிழமை தேதி. பக்கத்தில், "இட ஒதுக்கீடு: உங்கள் பதில் தேவை."

ரேடியோவின் விரல் மவுஸில் இருந்தது. முகம் பின்னால் திரும்பி யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தது.

வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது நிச்சயம். உதடு பிரிந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"மூணாவது வரிசை முடிஞ்சுதா?" என்றார் சார் என் பின்னால் இருந்து.

"ஆச்சு சார்!" என்றாள் ரேடியோ. அழுத்தினாள். திரை வெள்ளையானது. "எங்க வீட்டைவிடச் சுத்தம்!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அழித்தது உடனே போய்விடாது, ட்ராஷில் முப்பது நாள் கிடக்கும். ஒரு க்ளிக்கில் திரும்ப எடுக்கலாம். அது எனக்குத் தெரிந்ததுதான் கெடுதலாகிவிட்டது. நாளைக்கு நானே எடுத்து வைத்துவிட்டு, பிறகு அவளிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். சரிசெய்த பிறகு சொல்வது சுலபம். தவறு நடந்த இடத்திலேயே, என் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறவர்கள் நடுவே, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொல்வதுதான் கஷ்டம். நாளைக்கு, நாளைக்கு. பள்ளிக்கூடம் நின்றதும் இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே போனேன். லேப் பூட்டியிருந்தது. பியூன் வாளியும் துடைப்பமுமாக வாசலில் நின்றார்.

"ஆபீசர் வர்ற வரைக்கும் ஈகூட உள்ள போகக் கூடாதுன்னு உத்தரவு. நீ ஈயைவிடப் பெருசா இருக்க."

கடைக்குத் திரும்பி அங்கிருந்து ரேடியோவின் கணக்கைத் திறக்கப் பார்த்தேன். பாஸ்வேர்ட் ஏற்றுக்கொண்டது. ஆனால் புதிய கம்ப்யூட்டர் என்பதால் ஓடிபி கேட்டது. ஓடிபி போனது சாரின் ஃபோனுக்கு.

மறுபடி தெருவைக் கடந்தேன். சார் நாற்காலி மேல் ஏறி, "மின்னஞ்சல் நம் நண்பன்" என்ற அட்டையைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஓடிபி ஒண்ணு வந்திருக்கும்…"

"யாருக்கு? எதுக்கு?"

எதுக்கு என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"சும்மா, ஒரு மெயில் பாக்கணும்."

"சும்மா பாக்கறதுக்கா? ஏம்மா, கஷ்டப்பட்டு பூஜ்ஜியம் ஆக்கி வச்சிருக்கோம். நீ உள்ள போய் எதையாவது தொட்டு ஒண்ணு ரெண்டுன்னு காட்டப் போவுது. நாளைக்கு முடியட்டும், அப்புறம் ஆயிரம் ஓடிபி தரேன். அந்த டேப்பை எடு."

டேப்பை எடுத்துக் கொடுத்தேன். கிழித்தும் கொடுத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அட்டையை இரண்டாகக் கிழித்திருக்க வேண்டும்.

கல்லூரியின் ஃபோன் நம்பரைத் தேடி எடுத்தேன். மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை ஓர் ஆண் குரல், "சொல்லுங்க, யாரு பேசறது?" என்றது. யார் பேசுகிறேன்? ரேடியோ என்று சொல்வதா, ஜெராக்ஸ் கடை என்று சொல்வதா? "ஹலோ? ஹலோ?" என்றது குரல். வைத்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு மெஷினுக்குத் தாள் போட்டார்.

சாயங்காலம் ரேடியோவே கடைக்கு வந்தாள். ஆய்வுக்கு வண்ணத்தாள் வாங்க. என் முன்னால், ஒரு முழம் தூரத்தில் நின்றாள்.

"மூணு பச்சை, ரெண்டு மஞ்சள். ஏண்டி முகம் தொங்கிப்போயிருக்கு? ஹீரோயின் நீதான் இப்ப. சார் ஸ்டாஃப் ரூம்ல உன்னைப் பத்தியே பேசறாராம். எனக்கு இன்னும் ஒண்ணும் வரல, நேத்து லேப் பூட்டறப்பகூட பாத்தேன், பெட்டி காலியாவே கிடந்துச்சு. நான் என்ன நினைக்கறேன்னா, அவங்க லேட்டாத்தான் போடுவாங்க. அம்மா வேற தினமும் கேக்கறாங்க, நான் வரும் வரும்னு சொல்லி வச்சிருக்கேன். சரி, கத்தரிக்கோல் இருக்கா?"

அவள் மூச்சு விட்ட இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். கத்தரிக்கோலைக் கொடுத்தேன்.

புதன்கிழமை மேலதிகாரி இரண்டு மணிக்கு வருவார் என்றார்கள். மூன்றுக்கு வந்தார். ஏதாவது கோளாறு வந்தால் பார்த்துக்கொள் என்று சார் என்னை லேபின் பின் சுவரோரம் நிறுத்தியிருந்தார். அதிகாரி ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். படிவத்தில் எழுதிக்கொண்டே போனவர் ரேடியோவிடம் நின்றார்.

"உனக்குக் கடைசியா மெயில் அனுப்பினது யாரும்மா?"

"யாரும் அனுப்பல சார். பூஜ்ஜியம்!"

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மற்ற பள்ளிகளிலும் இதைச் சொல்லணும்," என்றார். பிறகு அங்கேயே நாற்காலி போட்டு டீ வந்தது. டீக்குப் பிறகு நோட்டுகள். ஓரக்கோடு நேராக இருப்பதைத் தனியாகப் பாராட்டினார். சுவர்க் கடிகாரம் நான்கைத் தொட்டது. தாண்டியது. அந்த மெயிலில் என்ன கெடு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தும் கடிகாரத்தில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அவர் கிளம்பும்போது நான்கு இருபது. சார் வாசல் வரை வழியனுப்பப் போனார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். நான் ரேடியோவின் கையைப் பிடித்தேன். நானாக ஒருவர் கையைப் பிடித்தது எனக்கே அதிசயம்.

"உக்காரு. உன் மெயிலைத் திற."

"காலிடி அது."

"ட்ராஷைத் திற."

திறந்தாள். எழுநூறு மெயில் குப்பையாகக் கிடந்தது. நான்காவது வரி. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள், அவள் எதையும் மனசுக்குள் படித்ததில்லை. லேப் டெக்னீஷியன் பட்டயப் படிப்பில் தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. விடுதி உண்டு. சம்மதம் எனில் இந்த மெயிலுக்குப் பதில் அனுப்பவும். கடைசி நேரம் புதன்கிழமை மாலை நான்கு மணி.

"இன்னைக்குத்தானே புதன்?" என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு இருபத்தேழு.

"அரை மணிதானே? அடி, அடி, சீக்கிரம் அடி!" என் பக்கம் கீபோர்டைத் தள்ளினாள். அடித்தேன். சம்மதம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மெயில் தவறுதலாக அழிந்துவிட்டது. பெயர், விண்ணப்ப எண். அனுப்பினேன். இரண்டு வருஷமாக நோட்டில் ஓரக்கோடு போட்டு எழுதியவளின் முதல் மெயில் அதுதான், அதையும் நான் அடித்துக் கொடுத்தேன்.

காத்திருந்தோம். ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தாள். "குடுத்துடுவாங்க. அரை மணிக்கெல்லாம் யாருடி கணக்குப் பாப்பாங்க? உனக்கு எப்படிடி தோணுச்சு, குப்பையில போய்த் தேடணும்னு? நீ இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. கோட்டான், நீ பெரிய ஆளுடி."

நான்கு ஐம்பதுக்குப் படிக்காத மெயில் ஒன்று என்று காட்டியது. எல்லாத் திரைகளிலும் சேர்த்து அந்த ஒன்றுதான்.

மூன்று வரி. நான்கு மணிக்கு அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அளிக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். வாழ்த்துகள்.

ரேடியோ அதையும் வாய்விட்டுத்தான் படித்தாள். வாழ்த்துகள் என்ற இடத்தில் குரல் உடைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தலையெழுத்து. இன்னைக்குக் காலைல தோணியிருக்கக் கூடாதா உனக்கு? சரி விடு. நீயாவது தேடிப் பாத்தியே. மத்தவங்க யாரு பாத்தாங்க?"

என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வாழ்நாளில் என் மௌனம் எனக்கு உதவியிருக்கக்கூடியது அந்த ஒரு இடத்தில்தான். நான் எதுவும் சொல்லாவிட்டால் அவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. தேடிக் கண்டுபிடித்த தோழியாகவே இருந்துவிடலாம். என்னைப் போல ஒருத்திக்கு அதைவிடச் சுலபமானது கிடையாது.

"திங்கக்கிழமையே பாத்தேன்," என்றேன்.

"எதை?"

"நீ டெலிட் பண்றப்ப. பின்னாடி நின்னேன். அந்த வரியைப் பாத்தேன். சொல்ல வாயைத் திறந்தேன், வரல. அப்புறம் நேத்தும் சொல்லல."

இவ்வளவு நீளமாக, இவ்வளவு தெளிவாக, நான் யாரிடமும் பேசியதில்லை. என் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

ரேடியோ என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அந்தப் பழைய கேள்வியையாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் என் கையில் இருந்து தன் கையை எடுத்தாள். மெயிலை மூடி, கணக்கில் இருந்து வெளியேறி, கம்ப்யூட்டரை அணைத்தாள். நான் வெள்ளிக்கிழமை சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் செய்தாள். நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள். பையை மாட்டிக்கொண்டு, "மின்னஞ்சல் நம் நண்பன்" அட்டையைத் தாண்டி, வாசலில் சிரித்துக்கொண்டே உள்ளே வந்த சாருக்கும் வழிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.